லிந்துலை டிரையருக்கு ஆணி கடைந்த நாள்

கம்பி கடைகிற கெப்ஸ்டன் லேத்தில் புதிதாக நிற்கப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஹட்டன் பட்டறை முதலாளி கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்த எனக்கு வராது. இத்தனை வருசமும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசியவள் நான். வேலையை விட்டு மஸ்கெலியாவில் வீட்டோடு இருக்கும் இப்போதும், பக்கத்து வீட்டுக்காரி "ஏன் மேரி, யாரோட சண்டை?" என்று எட்டிப் பார்க்கிறாள். நான் பூனையிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

மெஷினை எப்படிப் போடுவது, எண்ணெய் எங்கே ஊற்றுவது என்பதையெல்லாம் என்னோடு வேலை செய்த சுனில் காட்டித் தருவார். என்னைவிடப் பொறுமைசாலி. நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளைச் சொல்லிவிட்டால் கொலட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி சொன்ன மாதிரிதான்.

கொலட் என்பது என்ன? நல்ல உருக்கில் செய்த குட்டிக் குழாய். அதன் வாயில் நீளவாக்கில் வெட்டுக் கொடுத்திருப்பார்கள். அதனால் வாய் மூன்று உதடாகப் பிரிந்து நிற்கும். வெளிப்பக்கம் சரிவாக இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால், அந்தச் சரிவு அதைச் சுற்றியுள்ள உறைக்குள் நெருக்கப்பட்டு, மூன்று உதடும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மூடிக் கம்பியைக் கவ்வும். மறுபக்கம் தள்ளினால் உதடு தானாக விரியும். அப்போது மெஷினுக்குப் பின்னால் கயிற்றில் தொங்குகிற எடைக்கல் கம்பியை உள்ளே தள்ளும். கம்பி, சுழல்கிற தண்டான ஸ்பின்டிலின் நடுவால் வழுக்கி வந்து முன்னால் இருக்கிற முட்டில் இடித்து நிற்கும். மூடு, கடை, அறுத்துவிடு, திற. அடுத்தது வந்து நிற்கும். மெஷினை நிறுத்தவே வேண்டாம். சாவி போட்டுத் திருகும் சாதாரண சக்கில் ஒரு சாமான் முடிக்கும் நேரத்தில் இதில் ஒரு கூடை நிறையும். கை பழகிவிட்டால் பாட்டுப் பாடிக்கொண்டே செய்யலாம். நான் பாடியிருக்கிறேன். சுனில் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார்.

இனி அந்த நாள்.

மழை பெய்து வெயில் எறித்து, கொழுந்து பொங்கி நின்ற காலம். காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் பட்டறைக்கு வரும்போதே வாசலில் ஒரு தோட்டத்து வேன் நின்றது. உள்ளே முதலாளிக்கு எதிரே செல்வராஜ் ஐயா உட்கார்ந்திருந்தார். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் டீமேக்கர், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். அன்றைக்கு மேசையில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து, அதில் உடைந்த ஆணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, யாரோ செத்துப்போன வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

தேயிலை காய்கிற டிரையருக்குள் தட்டுகளை இழுத்துப் போவது ஒரு நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலிக் கண்ணிகளைக் கோர்த்து நிற்பவைதான் இந்த ஆணிகள். தேய்ந்து தேய்ந்து, விடியற்காலையில் சில ஆணிகள் அறுந்து, சங்கிலி கழன்று, தட்டெல்லாம் சரிந்துவிட்டது. மிச்ச ஆணிகளும் அறுகிற நிலைமையில்தான் இருந்தன.

"உள்ள இருந்த தூள் போச்சு. அது போகட்டும்," என்றார். "மேல வாட்டுறதுக்குப் போட்ட கொழுந்து கெடக்கு. காத்தாடியைப் போட்டு அந்தி வரைக்கும் தாட்டலாம். அதுக்கு மேல தாங்காது. இன்னொரு டிரையரைக் கழட்டிப் போட்டிருக்கோம். கொழும்புல கேட்டா, அந்தப் பழைய அளவு ஆணி கையில இல்லங்கிறாங்க."

"கடைஞ்சு தர்றோம் ஐயா," என்றார் முதலாளி. அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தால், அது என் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

ஆணியின் வடிவம் எளிதுதான். ஒரு பக்கம் தலை. மறுபக்கம் வால். வால் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. ஆணியைக் கண்ணிகளில் செருகியபின் அந்தத் துளையில் பூட்டுக் கம்பியைப் போட்டு மடக்கிவிட்டால் ஆணி கழன்று வராது. கடைவது என் வேலை. வால் முனையிலிருந்து அளந்து துளை போடுவது சுனில் வேலை.

முதல் கம்பியைப் பின்னாலிருந்து செலுத்தி, கொலட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்து, முட்டு நிற்கிற இடத்தையும் பூட்டினேன். முதல் ஆணியை செல்வராஜ் ஐயா கொண்டுவந்திருந்த கண்ணியில் போட்டுப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பூட்டுக் கம்பியும் ஏறியது. ஐயாவின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அதற்குப் பிறகு நான் வேகம் பிடித்தேன். ஒரு கம்பி முடிய அடுத்த கம்பி. டீ வந்தது, ஆறியது, யாரும் குடிக்கவில்லை.

நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சுனில் துளைபோடும் மெஷினை நிறுத்திவிட்டுக் கையில் ஒரு ஆணியோடு வந்தார்.

"அக்கே, மேக்க பலன்ன. இத பாருங்க. இது கட்டை."

பார்த்தால் ஆணியின் உடம்பு கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது. கண்ணியில் செருகினோம். துளை தகட்டுக்கு உள்ளே போய் மறைந்துகொண்டது. பூட்டுக் கம்பியை எங்கே போடுவது? கூடையைக் கிளறினால் அதே மாதிரி இன்னும் சில. ஒரே கம்பியில் கடைந்ததிலேயே சிலது சரி, சிலது கட்டை.

முட்டு தளர்ந்திருக்கும் என்றார் முதலாளி. எனக்கும் அதுதான் தோன்றியது. பார்த்தோம், அசையவில்லை. இருந்தாலும் இன்னும் இறுக்கி, ஓட்டினேன். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக வந்தது. முதலாளி "நான் சொல்லல?" என்று வாயைத் திறக்கவும் ஒரு கட்டை விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"சுனில், அப்ப ஒண்ணு செய். கட்டையா வர்றதுக்குத் துளையைக் கொஞ்சம் வால் பக்கமாத் தள்ளிப் போட்டுரு. முடிஞ்சுது வேலை," என்றார் முதலாளி.

சுனில் தலையை ஆட்டினார். "பே முதலாளி, முடியாது. பாரமான தோடு போட்ட காது மாதிரி கிழிஞ்சிடும்."

அது நியாயம். ஓரத்தில் துளை போட்டால் முனை பிய்ந்து, பூட்டுக் கம்பி விழுந்து, ஆணி மெல்ல மெல்ல வெளியே நடந்து வரும். கொதிக்கிற காற்றுக்கு நடுவில் தட்டுச் சரிந்தால் காய்ந்த தூள் எங்கே போய் விழும், எதில் பற்றும் என்று செல்வராஜ் ஐயாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் அந்தக் கட்டை ஆணிகளை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தார்.

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மலையில் ஆள்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்திக் கொழுந்தையும் எடுக்கச் சொல்வதா, பகலோடு நிறுத்துவதா? நிறுத்தினால் அவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். எடுத்த பிறகு டிரையர் ஓடாவிட்டால் அத்தனை கொழுந்தும் சாக்கிலேயே வெந்து நாறும்.

ஐயா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேரியம்மா, எடுக்கச் சொல்லவா, நிப்பாட்டவா?"

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களையும் ஒரு நாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். எதிரே நிற்கிறவர் நல்ல மனிதராக இருப்பார், பதற்றத்தில் இருப்பார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல நாக்கு துடிக்கும். பக்கத்தில் முதலாளி வேறு எனக்குக் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியல ஐயா," என்றேன். "எதனால இப்படி வருதுன்னு இன்னும் புரியல. புரிஞ்சா சொல்றேன். அது வரைக்கும் என்னை நம்பி ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அவர் போனில், "கொஞ்சம் பொறுங்க, நானே எடுக்கிறேன்," என்று சொல்லி வைத்தார்.

முதலாளி என்னைத் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "ஏன் மேரி, வந்த ஆளுகிட்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி தெரியலங்கிறியே. நம்ம பட்டறை பேர் என்னத்துக்கு ஆகும்?"

"தெரியலங்கிறதால பேர் கெடாதுங்க. தெரியும்னு சொல்லி அங்க ஆணி கழண்டுச்சுன்னா கெடும்."

"சரி, இப்ப என்னா செய்யப்போற?"

"மெஷினை நிப்பாட்டப் போறேன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே பிடித்துக்கொண்டார், நான் கொஞ்சம் பயந்துவிட்டேன். அவசரத்தில் ஓடுகிற மெஷினை நிறுத்துவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான காரியம். ஓடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும். அதில் பாதி குப்பையாக விழுந்தாலும் சத்தம் ஒரு தைரியம். நிறுத்தினவுடன் பட்டறை முழுவதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், றோட்டில் ஆட்டோக்காரன் யாரிடமோ கூலி பேசுவது கூடக் கேட்டது.

கொலட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். உதட்டுக்குள் சீவல் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. விரிசல்? இல்லை. துடைத்து வைத்துக்கொண்டு, இனி எங்கே தேடுவது என்று நின்றேன்.

செல்வராஜ் ஐயா சும்மா இருக்க மாட்டாத மனிதர். யன்னல் ஓரத்தில் நின்று, ஒரு கையில் நல்ல ஆணிகளையும் மறு கையில் கட்டைகளையும் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூளை உள்ளங்கையில் போட்டு நிறம் பார்க்கிற பழக்கம்.

"மேரியம்மா," என்று மெல்லக் கூப்பிட்டார். "எனக்கு உங்க வேலை தெரியாது. ஆனா இந்தக் கட்டைங்க எல்லாத்துக்கும் தலையில மெல்லிசா கோடு இருக்குதே. நல்லதுங்களுக்கு இல்ல."

வாங்கிப் பார்த்தேன். கட்டை ஆணிகளின் தலையில், நீளவாக்கில், பூனை கீறின மாதிரி நுணுக்கமான கோடுகள். தலை என்பது கம்பியின் கடையாத பகுதி, கொலட் கவ்விப் பிடித்திருந்த இடத்தை ஒட்டியது. அங்கே நீளவாக்கில் கீறல் விழுந்தால் ஒரே அர்த்தம்தான். கவ்வியிருந்த வாய்க்குள்ளேயே கம்பி பின்னால் நழுவியிருக்கிறது. முட்டில் சரியாகத்தான் வந்து நின்றிருக்கிறது. கடைகிற ஆயுதம் போய் அழுத்தும்போது கொஞ்சம் உள்ளே வாங்கிவிட்டது. அந்த அளவு ஆணி குட்டை.

அப்படியென்றால் பிடி போதவில்லை. சில நேரம் மட்டும் ஏன்?

மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு சுவரில் சாத்தியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்றாவது கம்பியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் கம்பிகள் ஒரு அளவு, மீதி அதைவிடத் தலைமயிர் தடிப்பளவு மெலிவு.

"முதலாளி, இந்தக் கம்பி எங்க வாங்கினது?"

"ஒரு கட்டு வழக்கமான கடை. அங்க போதாம மத்தது புதுக் கடையில. ரெண்டும் ஒரே சைஸ்தான், கடைக்காரனே சொன்னான்."

"சொல்றதுக்கு ஒரே சைஸ். கொலட்டுக்கு இல்ல."

கொலட்டின் வாய் எவ்வளவு மூட வேண்டுமென்று நாம் முதல் கம்பியை வைத்து இறுக்கம் வைக்கிறோம். கைப்பிடி எப்போதும் அதே தூரம்தான் போகும். உதடும் அதே அளவுதான் மூடும். காலையில் நான் வைத்தது தடித்த கம்பிக்கு. மெலிந்த கம்பி வரும்போதும் உதடு மூடியது, கம்பியைத் தொட்டது, சுற்றவும் வைத்தது. பார்க்கிறவருக்குப் பிடித்த மாதிரிதான் இருக்கும். அழுத்தம் வந்தால்தான் பிடிக்கவில்லை என்று தெரியும். அழுத்தம் குறைவான நேரத்தில் நல்ல ஆணியும், கூடின நேரத்தில் கட்டை ஆணியும் ஒரே கம்பியிலிருந்து வந்தது அதனால்தான். கைப்பிடி மூடும்போது கடைசியில் 'டொக்' என்று ஒரு உதை கைக்கு வர வேண்டும். மெலிந்த கம்பிக்கு அந்த உதை இல்லை, மெத்தென்று விழும். உங்கள் உள்ளங்கை அதைக் கவனித்துக்கொண்டே இருக்கட்டும்.

"அப்ப ஒண்ணுமில்லையே," என்றார் முதலாளி உற்சாகமாக. "நல்லா இறுக்கி வச்சிரு. மெலிஞ்சதையும் பிடிக்கும், தடிச்சதையும் பிடிக்கும்."

"தடிச்சது வந்தா கைப்பிடி மூடாது. மூடாத கைப்பிடியை அவசரத்தில நான் தொங்கித் தொங்கி இழுப்பேன். உதடு வெடிக்கும். இந்த அளவுக்கு நம்மகிட்ட வேற கொலட் இருக்கா?"

இல்லை என்று அவருக்கும் தெரியும். அந்த ஒன்று உடைந்தால் அன்றைய கதை அங்கேயே முடிந்தது.

தடித்த கம்பிகளை மட்டும் முதலில் முடிப்பது, அப்புறம் நிறுத்தி, இறுக்கத்தைப் புதிதாக வைத்து, மெலிந்தவற்றை முடிப்பது என்று தீர்மானித்தோம். சுனில் மெலிந்த கம்பிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பின் நடையில் போட்டார். அங்கேயா என்று முதலாளி கேட்டார். ஆமாம், அங்கேதான். அவசரத்தில் கை கண்ணைக் கேட்காது, கிட்ட இருப்பதை எடுத்துவிடும். ஆகவே எடுக்கக்கூடாததைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று யாரும் வீரம் பேசாதீர்கள்.

கொலட்டைத் திரும்பப் பூட்டினேன். தடித்த கம்பியை ஏற்றி, உதட்டை ஒட்டி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். வழக்கத்தைவிட முரட்டுத்தனமாகவே ஆயுதத்தைச் செலுத்திக் கடைந்தேன். நிறுத்திப் பார்த்தேன். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. பிறகு பின் நடையிலிருந்து ஒரு மெலிந்த கம்பியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்கு இறுக்கம் மாற்றி, அதே சோதனை. அதுவும் அசையவில்லை. திரும்பத் தடித்ததற்கு மாற்றினேன். இதற்குப் போன நேரத்தைப் பார்த்து முதலாளி பல்லைக் கடித்தார். கடிக்கட்டும்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "இப்பச் சொல்லுங்க. அந்திக் கொழுந்து எடுக்கலாம்."

அவர் அப்படியே போனை எடுத்துக் கணக்கப்பிள்ளையிடம், "எடுக்கச் சொல்லுங்க," என்றார். நிச்சயமா, உறுதியா, பிறகு பேச்சு மாறாதே என்று ஒரு கேள்வி என்னைக் கேட்கவில்லை. காலையில் தெரியாது என்று சொன்ன வாய்தானே இது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவள் தெரியும் என்று சொன்னால் எடுபடுகிறது. முதலாளி ஜாடை காட்டினபோதே நான் ஆமாம் போட்டிருந்தால், இந்தச் சொல்லுக்கு அந்த மரியாதை இருந்திருக்காது.

பிறகு நடந்தது வெறும் வேலை. நான் கடைந்தேன், சுனில் துளை போட்டார். முதலில் கடைந்த கூடையில் நல்லதும் கட்டையும் கலந்து கிடந்ததே, அதைப் பிரிக்க சுனில் ஒரு தகட்டில் அளவுக்குப் பள்ளம் வெட்டிக் கொடுத்தார். பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்தால் நல்லது, ஆடினால் கட்டை. டீமேக்கரும் முதலாளியும் இரண்டு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து ஆணி பொறுக்கினார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். "உங்க கட்டை இங்க வந்திருச்சு ஐயா." "அது உங்க கட்டைங்க, முதலாளி." எனக்கு மெஷினை விட்டு அந்தப் பக்கம் பார்க்கவே பயம். சிரித்துவிட்டால் கை நடுங்கும்.

ஆணிகளை வேனில் ஏற்றினதும் ஐயா, "நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. அங்க ஏதாவது இடிச்சா அங்கேயே ராவிக்கலாம்," என்றார். அரத்தை எடுத்துக்கொண்டு நானும் சுனிலும் ஏறினோம். கொட்டகலையில் மழை, தலவாக்கலையில் வெயில், லிந்துலையில் மறுபடி மழை.

ராவ வேண்டியே வரவில்லை. பெக்டரியில் மெஷின் பூட்டுகிற பிட்டர் பெருவிரலால் அழுத்த அழுத்த ஆணிகள் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு வாலிலும் பூட்டுக் கம்பியைப் போட்டு மடக்கிக்கொண்டே போனார். கடைசி ஆணியும் ஏறியபின் செல்வராஜ் ஐயா சூடு போட விடவில்லை. சங்கிலியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வைத்தார். எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். எதுவும் முனகவில்லை. பிறகுதான் தலையை அசைத்தார். டிரையர் எழுந்தது. முதல் தூள் வெளியே வந்து விழுந்தபோது அள்ளி மோந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக டீ கேட்டார்.

நானும் சுனிலும் எங்கள் கோப்பைகளோடு வெளியே வந்தோம். எதிரே கொழுந்து நிறுக்கிற மடுவம். அந்திக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பொம்பளைகள் மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் படங்கைப் போட்டுக்கொண்டு, முதுகில் கூடையோடு மழையில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபீஸ் ஆளுங்களா?"

"இல்லங்க, ஹட்டன் பட்டறை. மெஷினுக்கு ஆணி செஞ்சு கொண்டாந்தோம்."

அவருடைய பார்வை என் கைக்குப் போனது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு எண்ணெய். "நீங்களா செஞ்சீங்க?"

"நானும் இவரும்."

"அப்ப நாளைக்கும் பெக்டரியில கொழுந்து எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

"முழு நாளும்?"

"முழு நாளும்."

அவர் கூடையை இறக்கித் தராசில் கொட்டிவிட்டு, வரிசையைத் திரும்பிப் பார்த்துக் கூவினார்:

"அடியேய், நாளைக்கும் மலைதான்டி! வீட்டுல படுத்துக் கெடக்கலாம்னு பாத்தீங்களே, இந்தா நிக்குது பாருங்க, இந்த அக்கா கெடுத்துருச்சு!"

மழையோடு மழையாக வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கும் டீ புரையேறிவிட்டது.